தண்ணீர்க் குப்பியில் ஒரு கோடு

மார்ச் 4, இரவு

அக்கா,

நான்தான், வாலு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் முழுவதும் படித்துவிடு.

நீ போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். அம்மாவின் போனில் உன் எண்ணை அவரே தடுத்து வைத்துவிட்டார். எனக்குப் போன் கிடையாது. அதனால்தான் காகிதம். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். எழுத்து எங்கே கோணுகிறதோ அங்கே அவர் இருமினார் என்று வைத்துக்கொள்.

நம் ஹேச்சரியில் இந்தப் பருவத்தில் பொரித்த இறால் குஞ்சுகள் ஆறு தொட்டி நிறைய இருக்கின்றன. நேற்று அம்மா எல்லாத் தொட்டியிலிருந்தும் குஞ்சு எடுத்து, நீ செய்கிற மாதிரியே பி.சி.ஆர் சோதனை செய்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது, கோடு விழுகிற ஜெல்லை விளக்கின்மேல் வைத்துவிட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆறு தொட்டிக்கும் ஆறு கோடு. ஆறிலும் வெள்ளைப்புள்ளி வைரஸ். இன்று திரும்பவும் செய்தாள். திரும்பவும் ஆறு.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. "அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சு வாங்க ஆள் வருது. அவருகிட்ட எந்த முகத்தோட பேசுறது? வியாழக்கிழமையே எல்லாத் தொட்டியிலயும் குளோரினைக் கொட்டிருவோம். கதவப் பூட்டிட்டு மாமா வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

மாமா ஊரில் என் பள்ளி இல்லை. "அப்ப என் பரீட்சை?" என்று கேட்டேன்.

"குடும்பமே பரீட்சையிலதான் உக்காந்திருக்கு" என்றார்.

ஆனால் அக்கா, குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. தீவனம் போட்டால் மிச்சம் வைப்பதில்லை. வாளியில் எடுத்துச் சுழற்றிவிட்டால் ஓட்டத்தை எதிர்த்து நீந்துகின்றன. சாகப்போகிற குஞ்சுக்கு இவ்வளவு வீம்பு இருக்குமா? இன்னொன்று: ஆறு கோடும் ஒரே அளவு பளிச்சென்று, ஒரே கையால் போட்ட மாதிரி இருந்தன. ஆறு தொட்டிக்கும் நோய் அளந்து அளந்தா வரும்?

ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவரும் வண்டிக்காரர் தினமும் நகரத்துக்குப் போய்வருகிறார். அவரிடம் கொடுக்கிறேன். உன்னைத் தவிர கேட்க எனக்கு ஆளில்லை.

வாலு


மார்ச் 5

வாலு,

வண்டிக்காரர் எங்கள் லேப் வாசலில் ஹாரன் அடித்து, "உங்க வீட்டு ரகசியம் வந்திருக்கு, வாங்கிக்கங்கம்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாய்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அப்பா சொல்லி எழுதினாயா?

போன பருவத்தில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. இரண்டாம் தொட்டியில் கோடு விழுந்தது. வாங்குகிறவரின் வண்டி வாசலில் நின்றது. "நோய் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு, எல்லாரும் பொழச்சுக்குவோம்" என்றார் அப்பா. மாட்டேன் என்றேன். என் இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். அந்தக் குஞ்சுகள் போய்ச் சேர்ந்த குளம் என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது கேட் வரைக்கும்கூட யாரும் வரவில்லை. நீயும்தான். அந்த வீட்டுச் சோதனையில் இனி எனக்கு வேலையில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இருந்தாலும் நீ எழுதியதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆறு தொட்டிக்கு ஆறு குப்பி. தெரிந்த வைரஸைப் போட்டு வைப்பது ஏழாவது. எட்டாவது எங்கே? குஞ்சுக்குப் பதில் வெறும் தண்ணீரை விட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரி செய்து மெஷினில் ஓட்டுகிற குப்பி. அதில் கோடு விழவே கூடாது. விழுந்தால் அன்றைக்கு விழுந்த எந்தக் கோட்டையும் நம்ப முடியாது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அம்மாவிடம் கேள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.

அக்கா


மார்ச் 6, இரவு

அக்கா,

நான் கேட் வரைக்கும் வராததற்குக் காரணம், அப்பா என்னை அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். ஜன்னலிலிருந்து கத்தினேன். தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மெஷின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. அப்பா சொல்லி எழுதினாயா என்று இன்னொரு தடவை கேட்டால் நான் எழுதவே மாட்டேன்.

எட்டாவது குப்பி இல்லை.

அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "தண்ணிக் குப்பி எங்கம்மா?"

கை அப்படியே நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அக்கா இருக்கும்போது எட்டு வைப்பா. நீ ஏழுதான் வைக்கிற."

வெகுநேரம் ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒருநாள் தண்ணீர்க் குப்பியிலும் மங்கலாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வேலையாட்களுக்கு முன்னால், "தண்ணிக்குமா நோய் வந்துருச்சு? உன் கை பட்டா கடலுக்கே காய்ச்சல் வரும்போல" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்த தடவையிலிருந்து அம்மா அந்தக் குப்பியை வைப்பதையே விட்டுவிட்டாள்.

"என்னைக் கேவலப்படுத்துறதுக்குன்னே ஒரு குப்பிய நானே கழுவி வைக்கணுமா?" என்றாள். "தண்ணியில என்ன இருந்துறப்போகுது. தண்ணிதானே."

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் அம்மா கதி என்ன ஆகும் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் தொட்டிகளின் கதி தெரியும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பாடத்தில் மார்க்குக்காகப் படித்தேன். இப்போது கால் சுடுகிறது.

இருமுகிறார். நிறுத்துகி


மார்ச் 7

வாலு,

இனி அப்படிக் கேட்க மாட்டேன். நீ ஜன்னலில் நின்று கத்தியது எனக்கு இன்றுதான் தெரியும்.

நிதானமாகப் படி. இந்த மெஷினின் வேலை நகல் எடுப்பது. வைரஸின் ஒரு துணுக்கு கிடைத்தால் இரண்டாக்கும், இரண்டை நாலாக்கும், மதியத்துக்குள் கோடி கோடியாக்கும். அதன் கெட்டிக்காரத்தனமும் அதுதான், சனியனும் அதுதான். ஓடி முடிந்த குப்பியின் மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் தெறிக்கும். அந்தச் சாரலில் ஒரு பொட்டு, மறுநாள் கலக்கும் குப்பியில் போய் விழுந்தால், 'நீ குஞ்சிலிருந்து வந்தாயா, நேற்றைய குப்பியிலிருந்து வந்தாயா' என்று மெஷின் விசாரிக்காது. அதையும் கோடியாக்கிக் காட்டும். நல்ல தொட்டியும் நோய்த் தொட்டியாகிவிடும். தண்ணீர்க் குப்பி அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இருக்கிறது. அது கோள் சொன்னது. அம்மா அதன் வாயை அடைத்துவிட்டாள்.

என்ன நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். ஜெல்லில் சொட்டு விட எடுத்த பைப்பெட்டையே மறுநாள் கலக்கவும் எடுத்திருப்பாள். அவளுக்குச் சமையலிலும் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டிதான்.

வண்டியில் ஒரு ஐஸ் பெட்டி வருகிறது. சோதனைக்குக் கலக்கும் புது மருந்துகள், சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். பஞ்சு வைத்த டிப்புகளும், அவற்றைச் செருக யாரும் தொடாத ஒரு பைப்பெட்டும் உண்டு. பழைய மருந்தை எல்லாம் குப்பையில் போடு, கண்ணீர் விடாதே. அப்பா தொட்டியில் கொட்ட வைத்திருக்கும் குளோரினை முதலில் மேஜையில் கொட்டுங்கள். கரைத்துத் துடைத்து, ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். கலக்கும் அறையிலிருந்து மெஷின் அறைக்கு, அங்கிருந்து ஜெல் அறைக்கு: போகும் வழி ஒன்றுதான். ஜெல் அறைக்குள் போனவர் அன்றைக்குத் திரும்பிக் கலக்கும் அறைக்கு வரக்கூடாது. அவர் போட்டிருந்த மேலங்கியும் வரக்கூடாது, காதில் செருகியிருந்த பேனாவும் வரக்கூடாது.

ஒன்றை மறந்துவிடாதே. தொட்டிகளில் நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று இப்போதைக்கு நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 9, இரவு

அக்கா,

நீ அடித்துச் சொன்னது தப்பு. அம்மாவிடம் பைப்பெட் இரண்டு இருக்கிறது. ஜெல் அறையினதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள், மாற்றி எடுத்ததே இல்லை. "உங்க அக்காவுக்கு என் கரண்டி மேல என்ன கண்ணு?" என்றாள். ஆமாம், அவளிடம் சொல்லிவிட்டேன், நீ எழுதுகிறாய் என்று. ஐஸ் பெட்டியை எங்கே ஒளிப்பது? கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து, நீ குப்பிகளில் எண் எழுதியிருந்ததைப் பார்த்து, "இன்னும் ஏழ அப்படியே கொக்கி மாதிரிதான் போடுறா" என்றாள். உன்னைப் பற்றி அவ்வளவுதான் பேசினாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடல்தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று அப்பா ஆட்களோடு கரைக்குப் போய்விட்டார். பைப்பெட் காரணம் இல்லை என்றால் சாரல் எந்த வழியாக வருகிறது? எலிப்பொறி வைப்பது மாதிரி வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. உன் புது மருந்தில் தண்ணீரை மட்டும் விட்டு நாலு குப்பி. ஒன்றை என் படிப்பு மேஜையில் கலந்து உடனே மூடினோம். மற்ற மூன்றையும் வாய் திறந்தபடி வைத்தோம்: ஒன்று கலக்கும் அறையின் மேஜையில், ஒன்று அங்கேயே மூடிய அலமாரிக்குள், ஒன்று டேபிள் ஃபேனுக்கு முன்னால், ஃபேனைப் போட்டு. பிறகு எல்லாவற்றையும் மூடி மெஷினில் வைத்தோம்.

என் மேஜையினதில் ஒன்றுமில்லை. அலமாரியினதிலும் இல்லை. கலக்கும் மேஜையினதில் மங்கலாக ஒரு கோடு. ஃபேனுக்கு முன்னால் வைத்ததில் பளிச்சென்று, அந்த ஆறு கோடு மாதிரியே.

ஒரே ஃபேன்தான் அக்கா. காலையில் கலக்கும் அறையில் இருக்கும். மதியம் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஜெல் அறைக்குப் போவாள். அங்கே அதன் முன்னால் உட்கார்ந்துதான் குப்பிகளைத் திறப்பாள். மறுநாள் காலையில் அதே ஃபேன் திரும்பி வரும், இறக்கை முழுக்க நேற்றைய சாரலோடு.

இப்போது என் கோபத்தையும் கேட்டுக்கொள். கலக்கும் அறைக்கு ஜன்னல் கூடாது, ஃபேன் கூடாது, காற்று ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது நீ. சரியான சட்டம்தான். ஆனால் அந்தப் பெட்டி மாதிரி அறைக்குள் அம்மா காலை முழுவதும் நிற்கிறாள். போன மாதம் அங்கேயே மயங்கி விழுந்தாள். உனக்குத் தெரியாது, நீ இல்லை. அதற்குப் பிறகுதான் ஃபேன் உள்ளே வந்தது. ஆளுக்கு வேர்க்கும் என்று உன் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

ஜெல்லைப் பார்த்துவிட்டு அம்மா, "ஃபேனத் தூக்கிட்டு அலைஞ்சது நான்தானே. அப்ப நோயத் தூக்கிட்டு அலைஞ்சதும் நான்தான்" என்றாள்.

"நோய இல்லம்மா, நகல" என்றேன். எனக்கே நம்பிக்கையாக இருந்தது, அதைச் சொன்னபோது.

ஆறு தொட்டிக் குஞ்சுகளையும் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புகிறேன். உன் லேபிலும் பார். ஒரு சந்தேகம்: மேஜையில் குளோரின் மிச்சம் இருந்து அது குப்பிக்குள் போனால், இருக்கிற வைரஸும் தெரியாமல் போகாதா? அப்படி வந்த 'ஒன்றுமில்லை'யைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுவிட்டால்?

வியாழக்கிழமை கிட்டே வந்துவிட்டது. குளோரின் மூட்டைகளை அப்பா தொட்டி ஓரமாகக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

வாலு


மார்ச் 10

வாலு,

கரண்டி விஷயத்தில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் விழுந்தது எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அதே வரிக்குத் திரும்பத் திரும்ப வருகிறேன்.

சட்டத்தில் அந்த வரியைச் சேர்க்கிறேன். குஞ்சை நசுக்கிச் சாறு எடுக்கிற வேலையைக் காற்றோட்டமான வேறு இடத்தில் செய்யட்டும். அந்தப் பெட்டிக்குள் கலப்பது மட்டும்தான். அதை விடியும் முன், குளிர்ச்சியாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். அம்மா ஸ்டூலில் உட்காரட்டும். ஃபேன் ஜெல் அறையிலேயே கிடக்கட்டும். அதற்கு ஆயுள் தண்டனை.

உன் சந்தேகம் சரியானது. அதற்குத்தான் தெரிந்த வைரஸ் போட்ட ஏழாவது குப்பி. குளோரின் உள்ளே போயிருந்தால் அதிலும் கோடு விழாது. அன்றைய ஓட்டத்தையே தூக்கிப் போட்டுவிடலாம். அந்தக் குப்பிக்கு வைரஸை விடுவது கடைசியில், மற்றவை எல்லாம் மூடிய பிறகு, வேறு மேஜையில். தண்ணீர்க் குப்பி வாயைத் திறக்கக்கூடாது, வைரஸ் குப்பி வாயை மூடக்கூடாது. இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் நடுவில் உள்ளவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும்.

உன் குஞ்சுகளை நானே இங்கே மெஷினில் ஓட்டிப் பார்க்கிறேன். விடையை உனக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். சொன்னால் உன் கண் அதையே தேடும். வியாழன் காலை உன் விடையை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்காதே. எனக்கு அது தெரிந்திருந்தால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 13, மதியம்

அக்கா,

பகலில் எழுதுகிறேன். முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை ஓட்டினோம். தண்ணீர்க் குப்பியில் ஒன்றுமில்லை. வைரஸ் குப்பியில் கோடு. ஐந்து தொட்டி சுத்தம். நாலாம் தொட்டியில் கோடு. அம்மா நாலாம் தொட்டிக்கென்று தனி வாளி எடுத்துப் போய்ப் புதிதாகக் குஞ்சு எடுத்து வந்தாள். மறுபடி, இந்தத் தடவை தண்ணீர்க் குப்பியே இரண்டு வைத்தாள். இரண்டும் சுத்தம். நாலு மட்டும் கோடு.

வியாழன் காலை வண்டிக்காரர், "முதல்ல நீ குடு, அப்புறம் நான் தர்றேன்னு உங்க அக்கா உத்தரவு. கடத்தல் பண்றவங்ககூட இவ்வளவு கறாரா இருக்க மாட்டாங்க" என்று தாளை நீட்டினார். நீயும் நாலாம் தொட்டி மட்டும் என்று எழுதியிருந்தாய். 

அப்பா அப்போது முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் சத்தியத்தை நான் மீறவில்லை. அம்மாவே போய்ச் சொன்னாள். தண்ணீர்க் குப்பி, அவர் சிரித்தது, ஃபேன், எல்லாம். அப்பா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு முகம் தெளிந்தது. தெளிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அன்னைக்கு விழுந்தது எல்லாம் பொய். நாலாந்தொட்டியும் பொய்தான். எல்லாத்தையும் வித்துருவோம்" என்றார். எழுந்து, பிரித்த மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினார்.

இன்று குஞ்சு வாங்குகிறவர் வந்தார். வண்டிக்காரர் எங்கெங்கே என்ன சொன்னாரோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "போன வாரம் ஆறும் கெட்டுப்போச்சுன்னீங்களாம். இன்னைக்கு ஒண்ணுங்கிறாங்களாம். உங்க மெஷின் மழை வருமான்னு சொல்ற மாதிரில்ல சொல்லுது! ஆறையும் ஏத்துங்க. எனக்கு வேண்டியது ஒரு தாள்தான்" என்று பேனாவை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "கை ஈரமா இருக்குங்க" என்றாள்.

"காயட்டும், நிக்கிறேன்."

"இது காயாதுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அன்னைக்குப் பொய் சொன்ன மெஷின் இன்னைக்கு மட்டும் உண்மைய சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"

பாவாடையைச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேன் அக்கா. பதில் தெரிந்த கேள்வி அது. "அன்னைக்குப் பொய்யப் பிடிக்க நாம ஆள் வைக்கலப்பா. இப்ப தண்ணிக் குப்பி கூடவே நின்னுச்சு, ரெண்டு தடவையும் சுத்தம். தண்ணி சுத்தமா இருக்கும்போது நாலாந்தொட்டி மட்டும் கோடு காட்டுதுன்னா அது குஞ்சுலருந்துதான் வருது. அக்கா லேப்லயும் நாலாவதுதான். அஞ்சு நல்லதுன்னு இந்த மெஷின் சொல்றத நம்புறீங்கன்னா, நாலாவது கெட்டதுன்னு சொல்றதையும் நம்பித்தான் ஆகணும்."

"அக்காகிட்ட எப்பக் கேட்ட?"

"ராத்திரி ராத்திரி."

அடி விழும் என்று நினைத்தேன். அப்பா வாங்குகிறவரிடம், "அஞ்சு தொட்டிய ஏத்திக்கங்க. உங்க குளத்துல விடுறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க. நாலாவது விக்கிறதுக்கில்ல" என்றார்.

"போன தடவை இவ்வளவு யோசிக்கலியே நீங்க" என்று அவர் சிரித்தார்.

"ஆமா" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வண்டி போன பிறகு நாலாம் தொட்டியின் வடிகாலை அடைத்தார். ஆளைக் கூப்பிடவில்லை. மூட்டையைத் தானே தூக்கினார். நான் வாளி பிடிக்க வந்தேன், "தள்ளி நில்லு, கண்ணு எரியும்" என்றார். அவருக்கும் எரிந்திருக்கும். குஞ்சுகள் கொஞ்ச நேரம் வெறி பிடித்த மாதிரி ஓடின. பிறகு தண்ணீர் அசையவில்லை. அந்தத் தொட்டிக்கு மட்டும் காற்றை நிறுத்தினார்.

மாமா வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். காகிதத்தை மறைக்கக் கை போயிற்று. மறைக்கவில்லை.

"அவளுக்கா?"

"ஆமாப்பா."

"நாலாந்தொட்டிய அப்பாவே கொட்டுனாருன்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத."

எழுதிவிட்டேன் அக்கா. வேறு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அவர் இன்னும் போகவில்லை, என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வாலு